பிரிங்மன் சாப்பிட்ட பொங்கல்

முருகேசுவுக்கு நாடகத்தில் வெள்ளைக்காரன் வேஷம் கிடைத்ததற்கு நடிப்புத் திறமை காரணமில்லை. ஜெர்மனியின் ஹம் நகரத்துத் தமிழ்ச் சங்கத்தில் அவரளவுக்கு உயரமான ஆள் வேறு இல்லை. அந்தப் பொன்னிறப் பொய்முடியும் வேறு எவருடைய தலைக்கும் பொருந்தவில்லை. அவ்வளவுதான். ஆனால் மனுஷன் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டார். ஒத்திகை தொடங்கிய நாளிலிருந்து வீட்டுக் குப்பைப் பையைக்கூடத் தொண்டையைச் செருமிக்கொண்டு தான் நடிக்கும் திருவாளர் பிரிங்மனாகத்தான் கட்டினார்.

"உந்தக் கூத்து முடியுமட்டும் எனக்கு ரெண்டு புருஷன். ஒண்டைக் கட்டி மாரடிக்கிறதே போதும் எண்டிருக்கு" என்று மனைவி குணேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள்.

நாடகத்தை எழுதி இயக்கியவள் லவினியா. இங்கேயே பிறந்து, ஜெர்மன் பள்ளிக்கூடமொன்றில் நாடகம் படிப்பிக்கிறவள். அவள் எழுதிய கதை இதுதான். தொண்ணூறுகளில் ஒரு மாடிக் கட்டடத்துக்கு ஒரு தமிழ்க் குடும்பம் குடிவருகிறது. படிக்கட்டெல்லாம் கறி மணக்கிறது என்று அயலவர் முகம் சுளிக்கிறார்கள். தைப்பொங்கலன்று அந்த வீட்டுப் பெண் தட்டில் பொங்கலோடு ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறாள். ஒருத்தி தனக்கு ஒவ்வாது என்கிறாள், ஒருவன் இப்போதுதான் சாப்பிட்டேன் என்கிறான், ஒருவர் கதவையே திறக்கவில்லை. கடைசியில், அந்தக் கட்டடத்திலேயே பெரிய முசுடனான கிழட்டுப் பிரிங்மன், அத்தனை அயலவரும் பார்த்துக்கொண்டு நிற்க, படிக்கட்டில் வைத்து அந்தப் பொங்கலை வாங்கிச் சாப்பிடுகிறான். "என்ரை வாய், என்ரை வயிறு. ஆரின்ரை வீட்டிலை சாப்பிடுறதெண்டு நான்தான் முடிவெடுக்கிறது!" என்று முழங்குகிறான். ஜெர்மன்காரன் எப்படி யாழ்ப்பாணத் தமிழில் முழங்குகிறான் என்று எவரும் கேட்கவில்லை. அந்த வசனத்தைச் சொல்லும்போதெல்லாம் முருகேசுவுக்கே மயிர்க்கூச்செறிந்தது.

தமிழ்ப் பெண்ணாக நடித்தவள் கண்மணி. அவளுடைய கணவன் ராசன் மேடைச் சாமான்களுக்குப் பொறுப்பு. ராசனும் முருகேசுவும் ஒரே தொழிற்சாலையில் ஒரே ஷிஃப்ட். கார் ஓட்டும் பரீட்சையில் பல தரம் கோட்டை விட்ட முருகேசுவை விடியப்புறத்தில் வீட்டு வாசலில் வந்து ஏற்றிக்கொண்டு போகிறவன் ராசன். முருகேசுவுக்குக் குடலிறக்கம் வெட்டியபோது வேலை முடிந்து தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டிலோரம் இருந்து தூங்கி விழுந்தவனும் அவன்தான். சொந்தத் தம்பி இருந்தால்கூட இவ்வளவு செய்திருப்பானோ தெரியாது.

ஆனால் ராசன் வீட்டில் முருகேசு இன்றுவரை ஒரு வாய் தேநீர் குடித்ததில்லை.

காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "அவை எங்கட ஆக்கள் இல்லை" என்பதோடு பேச்சு நின்றுவிடும். சாதிப் பெயரைச் சொன்னால் அநாகரிகம், சொல்லாமல் அதன்படி நடந்தால் நாகரிகம், இப்படி ஒரு ஒழுங்கு. அந்த ஒழுங்கில் ஒரு சலுகையும் உண்டு. அப்படியான வீடுகளுக்குப் போனால் சோடா குடிக்கலாம், கண்ணுக்கு முன்னால் மூடி திறந்த போத்திலாக இருக்க வேண்டும். கம்பனியில் அடைத்தது, வீட்டாரின் கை படாதது என்பது கணக்கு. யாழ்ப்பாணத்து வழக்கம், விசா எடுக்காமலே ஜெர்மனிக்கு வந்து சேர்ந்துவிட்டது.

முருகேசு போகும் நாளெல்லாம் கண்மணி "தேத்தண்ணி போடட்டோ" என்று கேட்பதேயில்லை. நேரே சோடாப் போத்திலைக் கொண்டுவந்து அவர் முன்னாலேயே மூடியைத் திருகுவாள். தனக்குச் சோடா என்றால் உயிர் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்றே முருகேசு தன்னைத் தேற்றிக்கொண்டார். சாப்பிடச் சொன்னால் வெள்ளிக்கிழமை விரதம், சனிக்கிழமையும் விரதம், மற்ற நாட்களில் சுகர். சுகர் உள்ள மனுஷன் அந்த இனிப்புச் சோடாவை எப்படி மடக்மடக்கென்று குடிக்கிறார் என்று கண்மணி ஒருநாளும் கேட்டதில்லை.

ஒத்திகையில் வெறும் தட்டுத்தான். இல்லாத பொங்கலைக் கையால் அள்ளி, இல்லாத சுவையை மென்று விழுங்குவதில் முருகேசு தேர்ந்துவிட்டார். கடைசி ஒத்திகையன்றுதான் லவினியா குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"அங்கிள், பொங்கல் விழாவண்டு உண்மையான பொங்கல். ஆவி பறக்கவேணும், சனத்துக்கு மணக்கவேணும். கண்மணி அன்ரி பொங்கிக்கொண்டு வருவா. பெரிய பானையிலை செய்யச் சொல்லியிருக்கிறன், நாடகம் முடிய எல்லாருக்கும் குடுக்கலாம்."

முருகேசு பொய்முடியைக் கழற்றினார். இந்தப் பிள்ளைக்கு விஷயம் தெரியுமா, தெரியாதா? இங்கே பிறந்தது, பாவம், ஒன்றும் அறியாமல் சொல்கிறதா? அல்லது எல்லாம் தெரிந்துதான் இந்த நாடகத்தையே எழுதியதா? அவளுடைய முகத்தை உற்றுப் பார்த்தார். அவள் கையடக்கத் தொலைபேசியில் யாருக்கோ செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். கண்மணியைப் பார்த்தார். அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஒருவருடைய முகத்திலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

வீட்டில் சொன்னபோது குணேஸ்வரி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சாப்பிடப் போறியளோ?"

"ஒரு வாய்தானே. நாடகமப்பா."

"ஒரு வாயெண்டால் என்ன, ஒரு பானையெண்டால் என்ன? முன்வரிசையிலை அண்ணை இருப்பார். அதை யோசிச்சியளோ?"

அண்ணை என்பது அவளுடைய ஒரே தமையன் ரகுநாதன். சங்கத்தின் தலைவர். முருகேசுவை ஜெர்மனிக்குக் கூப்பிட்டவரும் அவர், தங்கையைக் கட்டிக் கொடுத்தவரும் அவர். அன்பான மனுஷன்தான், கேட்காமலே உதவி செய்வார். ஆனால் ஒருவரை விலக்கினால் விலக்கியதுதான். அவருடைய சொந்தச் சித்தப்பா மகன் ஒருவர் "அவை"யின் கலியாணப் பந்தியில் இருந்து சாப்பிட்டார் என்பதற்காக, அந்தச் சித்தப்பாவின் செத்தவீட்டுக்குக்கூட ரகுநாதன் போகவில்லை. குணேஸ்வரிக்கு இந்த நாட்டில் பிறந்த வீடு என்று இருப்பது அந்த ஒரு தமையன்தான்.

"எனக்கும் விருப்பமில்லையப்பா, கண்மணி நல்ல பிள்ளை. ஆனா அண்ணையை இழக்க எனக்கு ஏலாது" என்றாள். முருகேசுவுக்கு அவள்மேல் கோபப்படவும் முடியவில்லை.

அடுத்த நாள் வேலைத்தலத்தில் இயந்திரத்துக்கு முன்னால் நின்றபடி மனுஷன் தனக்குத்தானே வழக்கு நடத்தினார். தொழிற்சாலைக் கன்ரீனில் தினமும் சாப்பிடுகிறார். அந்தச் சமையல்காரனின் ஊர் எது, அப்பன் யார், கையைக் கழுவினானா என்றுகூட ஒருநாளும் கேட்டதில்லை. ஸ்டேஷனடித் துருக்கிக் கடையில் டோனர் இறைச்சி ரொட்டி வாங்கித் தின்கிறார். ஆஸ்பத்திரியில் பெயர் தெரியாத சூப்பையெல்லாம் குடித்தார். இத்தனையும் போகிற வயிற்றுக்குள் கண்மணியின் பொங்கல் மட்டும் ஏன் போகாது? இந்தச் சாதிக் கதையையெல்லாம் நம்புகிறாயா என்று தன்னையே கேட்டார். நம்பவில்லை. சத்தியமாக நம்பவில்லை. அப்படியானால் சாப்பிடேன்? நம்பாத ஒன்றுக்கு ஏன் இவ்வளவு பயம் என்று யோசித்து யோசித்து, இரும்புத் தகடொன்றைத் தலைகீழாகப் போட்டுவிட்டார்.

"என்ன அண்ணை, வசனம் பாடமாக்கிறியளோ?" என்று பக்கத்து இயந்திரத்திலிருந்து ராசன் சிரித்தான்.

வழியைக் கண்டுபிடித்தவள் குணேஸ்வரி. அன்றைக்குத் தானும் ஒரு பொங்கல் பொங்குவது. கண்மணியின் தட்டைப் போலவே ஒரு எவர்சில்வர் தட்டில் போட்டு, அதைப் போலவே வெள்ளித்தாளால் மூடுவது. மேடைக்குப் பின்னால் உடுப்பு மாற்ற உதவுகிற சாட்டில் போய், தட்டை மாற்றி வைப்பது. பிரிங்மன் மேடையில் தன் சொந்த மனைவியின் பொங்கலைச் சாப்பிடுவார். கண்மணிக்கும் மனம் நோகாது, அண்ணைக்கும் நோகாது, நாடகமும் நடக்கும்.

"அண்ணைக்கும் காதிலை போட்டு வைக்கிறன். பிறகு அவர் பதறக்கூடாது" என்றாள்.

முருகேசு தலையாட்டினார். நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைக்க வெட்கமாகவும் இருந்தது.

விழாவன்று மண்டபம் நிறைந்து வழிந்தது. வெளியே ஈரப்பனி, உள்ளே பட்டுச்சேலை. மேடைக்குப் பின்னால் நெருக்கித் தள்ளிக்கொண்டு பிள்ளைகள், தாய்மார், காவடிகள். முகத்தில் வெள்ளைப் பவுடரும் தலையில் பொன்முடியுமாக முருகேசு ஒரு கதிரையில் அமர்ந்து வசனத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கண்மணி அப்போதே மேடையில் ஏறிவிட்டாள். முதற்கதவுகளை மூடிய வெறும் தட்டோடு தட்டிவிட்டு வருவாள், ஆவி பறக்கும் பொங்கல் தட்டு கடைசிக் காட்சிக்குத்தான். அதை ராசன் திரைக்குள்ளிருந்து எடுத்து நீட்ட வேண்டும்.

குணேஸ்வரி வந்தாள். சாமான் மேசையில் இருந்த கண்மணியின் தட்டை எடுத்து மேசைக்கு அடியில் வைத்தாள், தன் தட்டை மேலே வைத்தாள், கணவனைப் பார்த்துக் கண்ணால் "சரி" என்றாள், போய்விட்டாள். எல்லாம் கச்சிதமாக முடிந்தது.

அடுத்த நிமிஷம் லவினியா புயலாக வந்தாள். குனிந்து எதையோ தேடினாள். நிமிரும்போது அவள் கையில் அந்த இரண்டாவது தட்டு இருந்தது.

"இதார் கீழை வைச்சது? ஆராவது மிதிச்சால் என்ன நடக்கும்? அங்கிள், ஏன் ரெண்டு தட்டு?"

"அது... ஒண்டு தவறினாலும் எண்டு..."

"சுப்பர். நல்ல யோசனை." அவள் மேசையில் கிடந்த கிரீடம், குடை, துணிகளையெல்லாம் ஒதுக்கி, இரண்டு தட்டுகளையும் அங்கே இங்கே நகர்த்தி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு ஓடினாள்.

முருகேசு மேசையைப் பார்த்தார். இரண்டு எவர்சில்வர் தட்டு, இரண்டு வெள்ளித்தாள். எது எது? இடது பக்கத்தில் இருந்தது குணேஸ்வரியுடையதா? அல்லது லவினியா வலது கையால் வைத்தது... அவர் எழுந்து போய்ப் பார்ப்பதற்குள் ராசன் வந்தான். அவனும் இரண்டு தட்டையும் ஒரு கணம் பார்த்தான். பிறகு ஒன்றை எடுத்தான்.

"அண்ணை, உங்கட கட்டம் வருது. போங்கோ, போங்கோ!"

மேடை வெளிச்சத்தில் கண் கூசியது. அயலவராக நடித்தவர்கள் படிக்கட்டில் வரிசையாக நின்றார்கள். கண்மணி தட்டோடு வந்தாள், வெள்ளித்தாளை உரித்தாள். ஆவி பறந்தது. ஏலக்காய் மணத்தது.

"ஐயா, எங்கட பொங்கல். கொஞ்சம் எடுங்கோ" என்றாள். அது நாடக வசனம். ஆனால் தட்டைப் பாதிதான் நீட்டினாள், அது நாடகத்தில் இல்லை.

முருகேசு தட்டைப் பார்த்தார். அவருக்குத் தெரியவில்லை. கூர்ந்து பார்த்தார். கஜுப் பருப்பு இருந்தது, உலர்ந்த திராட்சை வத்தல் இருந்தது, எல்லார் பொங்கலிலும் இருப்பது. முன்வரிசையில் ரகுநாதன் நிம்மதியாகக் கால்மேல் கால் போட்டு இருந்தார், பக்கத்தில் குணேஸ்வரி சிரித்தபடி. சனம் இந்தத் தயக்கத்தை அருமையான நடிப்பென்று எண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. இனியும் நிற்க முடியாது. அள்ளி வாயில் வைத்தார்.

இனித்தது. நெய் மணத்தது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து குணேஸ்வரியின் கையால் சாப்பிட்ட நாக்கு, இப்போது சொல்லும், இப்போது சொல்லும் என்று காத்திருந்தார். நாக்கு ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு வாய் வைத்தார். தெரியவில்லை. மனைவியின் பொங்கலா, மற்றவளின் பொங்கலா என்று கண்டுபிடிக்கத் தெரியாத மனுஷன், இத்தனை காலமும் எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்?

கண்கள் கலங்கின. "என்ரை வாய், என்ரை வயிறு!" குரல் கீச்சிட்டது. "ஆரின்ரை வீட்டிலை சாப்பிடுறதெண்டு... நான்தான் முடிவெடுக்கிறது!"

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. முதலில் எழுந்தவர் ரகுநாதன்.

மேடைக்குப் பின்னால் கண்மணி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். "அண்ணை, நீங்கள் சும்மா வாயிலை வைக்கிற மாதிரிக் காட்டுவியள் எண்டுதான் நினைச்சன். ரெண்டு வாய் சாப்பிட்டியள். எனக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை" என்றாள். சனத்துக்குப் பொங்கல் கொடுக்கவென்று மண்டபத்துக்குப் போய்விட்டாள்.

அவள் போன கையோடு ரகுநாதன் வந்து முருகேசுவின் தோளில் தட்டினார். "குணேஸ் சொன்னவள். கெட்டிக்காரி. ஒருத்தருக்கும் நோகாமல் காரியத்தை முடிச்சிட்டியள். வா, எங்கட மேசையிலை சாப்பாடு எடுத்து வைச்சிருக்கு."

அவரும் போனார். முருகேசு தனியே நின்றார். கண்மணி தன் பொங்கலைச் சாப்பிட்டதாக நினைத்து அழுகிறாள், ரகுநாதன் அதைச் சாப்பிடவில்லை என்று நினைத்து மெச்சுகிறார். இருவரில் யார் சரி? சாப்பிட்டவருக்கே தெரியாது. இருவருடைய நன்றியையும் வாங்கிக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போகலாம். ஒரு குறையும் வராது. அந்த எண்ணம்தான் அவருக்குப் பொறுக்கவில்லை.

ராசன் சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். மேசையில் மிச்சமிருந்த தட்டை எடுத்தான். அதன் வெள்ளித்தாள் இன்னும் பிரியவில்லை.

"அண்ணை, மற்றத் தட்டு ஆரின்ரை?"

முருகேசுவின் கண் தன்னையறியாமல் குணேஸ்வரி இருந்த மண்டபத்துப் பக்கம் போனது.

ராசனும் அந்தப் பக்கம் பார்த்தான். இரண்டாவது தட்டு ஏன் வந்ததென்று அவனுக்கு விளங்கிவிட்டது. கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "கண்மணிக்குச் சொல்லிப்போடாதேங்கோ. இண்டைக்கு நல்ல சந்தோஷமா இருக்கிறா" என்று மட்டும் சொல்லிவிட்டு, தட்டை மேசையிலேயே வைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.

மண்டபத்தில் சாப்பாட்டு மேசைகள் நீளமாகப் போட்டிருந்தன. ரோல்ஸ், வடை, புரியாணி எல்லாவற்றுக்கும் கூட்டம் முண்டியது. கடைசியில் கண்மணி தன் பானையோடு அகப்பையைப் பிடித்தபடி நின்றாள். விஷயம் தெரியாத பிள்ளைகள் சிலர் வாங்கிக்கொண்டு ஓடினார்கள். மூத்தவர்களின் வரிசை அந்த மேசைக்குக் கிட்ட வந்ததும் வளைந்து திரும்பியது. "எனக்குச் சுகர் பிள்ளை", "இண்டைக்கு விரதம்", "இப்பதான் வயிறு முட்டச் சாப்பிட்டனான்." சற்று முன்னால் மேடையில் வெள்ளைக்காரர்கள் சொன்ன சாட்டுகளைக் கேட்டுச் சிரித்த அதே சனம். முருகேசு தன் வாழ்நாளில் முதல்தடவையாக அதை மறுபக்கத்தில் நின்று பார்த்தார்.

பொய்முடியைக் கழற்றிக் கதிரையில் எறிந்தார். முகத்துப் பவுடரைக் கையால் வழித்தார், பாதிதான் போனது. அந்தக் கோலத்திலேயே மண்டபத்தின் நடுவால் நடந்து போய், ஒரு கடதாசித் தட்டை எடுத்து, பானைக்கு முன்னால் நீட்டினார்.

கண்மணி திகைத்தாள். "நீங்கள்தான் சாப்பிட்டிட்டியளே அண்ணை."

"அது பிரிங்மன் சாப்பிட்டது. எனக்குப் போடு பிள்ளை."

கண்மணி அகப்பை நிறையப் போட்டாள். முருகேசு அங்கேயே ஒரு கதிரையை இழுத்து, சனத்தைப் பார்த்தபடி இருந்தார். பக்கத்து வரிசையில் பேச்சு நின்றது. அதற்கடுத்த வரிசையிலும் நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக மண்டபம் முழுவதும் அடங்கியது.

"முருகேசு" என்று தன் மேசையிலிருந்து ரகுநாதன் கூப்பிட்டார். குரலில் இன்னும் சிரிப்பு இருந்தது. "நாடகம் முடிஞ்சுது. எழும்பி வா."

பிரிங்மனின் வசனத்தைச் சொல்ல வேண்டும் என்று முருகேசு நினைத்தார். இத்தனை வாரம் பாடமாக்கிய வசனம், ஒரு சொல்கூட நினைவுக்கு வரவில்லை. அள்ளிச் சாப்பிட்டார். இதுவும் இனிப்பாகத்தான் இருந்தது, இதுவும் நெய் மணத்தது. மேடையில் சாப்பிட்டது எந்தப் பொங்கல் என்று அவருக்கு இப்போதும் விளங்கவில்லை. ஆனால் இப்போது சாப்பிடுவது யாருடைய பொங்கல் என்று மண்டபத்துக்கே தெரிந்தது. இந்தமுறை ஒருவரும் கைதட்டவில்லை.

ரகுநாதன் எழுந்தார். மேலங்கியை மாட்டிக்கொண்டு, ஒருவரையும் பாராமல் வாசலை நோக்கி நடந்தார். குணேஸ்வரி இரண்டு எட்டு அவருக்குப் பின்னால் ஓடினாள், நின்றாள், திரும்பிக் கணவனிடம் வந்தாள். அவளுடைய முகம் வெளிறிப்போயிருந்தது.

"அண்ணை போறார்" என்றாள். "ஓடிப்போய் ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன். இப்பவெண்டாலும் எழும்பி வாங்கோ."

முருகேசு அவளை அண்ணாந்து பார்த்தார். அவருக்கு அழுகை வந்தது. பயம் வந்தது. தான் செய்வது சரிதானா என்பதுகூடத் திடமாகத் தெரியவில்லை. தட்டில் இன்னும் பாதி இருந்தது.

"சாப்பிட்டிட்டு வாறன்" என்றார்.